கார்டின் பின்பக்கம்

ஜனவரி 12

அன்பு அக்காவுக்கு,

இங்கே நான் சௌக்கியம். நீயும் மாமாவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவின் முதுகுவலி குறைந்ததா? பெரியவளுக்கு முன்பல் முளைத்துவிட்டதா, இல்லை இன்னும் விசிலடித்துக்கொண்டேதான் பேசுகிறாளா?

ஒருவழியாகக் கடலுக்குப் போய் வந்துவிட்டோம். திட்டம் போட்டுப் போட்டே தலை நரைத்துவிடும் என்று நினைத்தேன். நாங்கள் நாலு பேர், ஆளுக்கொரு கேமரா. வண்டி டிரைவருடையது. வாரநாளில் அதில் வெங்காயம் ஏற்றுகிறான், பக்கவாட்டில் பெரிதாக ஒரு வெங்காயப் படமே வரைந்திருக்கிறான். இன்னும் என் சட்டையில் அந்த வாசனை போகவில்லை. வழி சொல்லும் பொறுப்பு, நாங்கள் மேப் என்று கூப்பிடுகிறவனுக்கு. அவனுக்கு வழி சொல்ல ஆசை உண்டு, வழிதான் தெரியாது. ஒரே பெட்ரோல் பங்கை மூன்று தடவை பார்த்தோம். மூன்றாவது தடவை அங்கே இருந்தவர் எங்களுக்குக் கை காட்டிச் சிரித்தார். நாலாவது ஆள் கண்ணாடி. யார் படத்தைப் பார்த்தாலும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு "ம்" என்பதோடு சரி, வாய் நிறைய ஒரு வார்த்தை வராது.

ஊர் என்றால் ஒரே தெரு. ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் தண்ணீர். தெருக்கோடியில் ஐஸ் கொட்டகை. பெண்கள் வரிசையாக நின்று மீனையும் உடைத்த ஐசையும் மாற்றி மாற்றிப் பெட்டியில் அடுக்குகிறார்கள். அதில் ஒரு அம்மா, முப்பது வயதிருக்கும், கை அப்படியொரு வேகம். படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "கையை எடுத்துக்கோங்க, பெட்டியை எடுத்துக்கோங்க. முகம் மட்டும் வேணாம் தம்பி" என்றாள்.

சரி என்று கையைத்தான் எடுத்தேன். என் வழக்கம் உனக்குத் தெரியுமே. ஸ்டூடியோவில் "முடிஞ்சுது" என்று சொன்ன பிறகுதான் ஜனங்களுக்கு முகம் முகமாக வரும், அப்போது இன்னொன்று எடுப்பேன். இங்கேயும் "முடிஞ்சுதுங்க" என்றேன். கேமராவை மட்டும் இறக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு அவள் மகள் ஓடிவந்து காதில் ஏதோ சொன்னாள். அந்த அம்மா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். எடுத்துவிட்டேன். பக்கத்தில்தான் நின்றேன், ஐஸ் உடைக்கிற சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

அக்கா, நான் எடுத்ததிலேயே அதுதான் படம். கண்ணாடி இரண்டு தடவை மூக்குக் கண்ணாடியைத் துடைத்தான். "இதுக்கு மேல நீ கேமராவை வித்துட்டுப் போயிடலாம்டா" என்றான்.

அவன் ஒரு தாள் வாங்கி வந்திருக்கிறான். ஒரு பக்கம் படம், மறுபக்கம் முகவரி, அப்படியே கார்டாகத் தபாலில் போடலாம். கவருக்குள் போட்டால் ஒருவர்தான் பார்ப்பார், கார்டாகப் போட்டால் வழியெல்லாம் பார்ப்பார்கள், அதுதான் நமக்குக் கண்காட்சி என்கிறான். முதல் கார்டு உனக்குத்தான்.

மாமாவுக்கு என் வணக்கம். சின்னவனுக்கு ஒரு கிள்ளு.

உன் தம்பி


ஜனவரி 20

என் அருமைத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். இங்கே குறையொன்றும் இல்லை. மாமாவின் முதுகுவலியில் வலியை விடச் சத்தம்தான் அதிகம். பெரியவளுக்குப் பல் முளைத்துவிட்டது, சின்னவன் அதை ஆட்டிப் பார்க்கிறேன் என்று அடி வாங்கினான்.

முகம் வேண்டாம் என்று சொன்னவளின் முகத்தை நீ எடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. படம் நன்றாக வந்திருந்தால் அது சரியாகிவிடுமா? அவள் ஏன் சொன்னாளோ, நமக்கு என்ன தெரியும். அடுத்த முறை போனால் கேட்டுக்கொள்.

கார்டில் அனுப்பவும் வேண்டாம், கவரில் போடு. எங்கள் தபால்காரரைப் பற்றி எழுதியிருக்கிறேனே, பக்கத்து வீட்டுக்காரர்தான். கார்டு வந்தால் வாசலுக்கு வரும்போதே வாசித்துக்கொண்டு வருவார். "உங்களுக்கு நேரம் மிச்சம்மா" என்பார். தெருவில் எல்லாரும் சிரிப்பார்கள். அவர் மேல் யாருக்கும் கோபம் வராது. மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு சொல்லாமல் போய் மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் வாசல் விளக்கை அணைப்பதில்லை. புது ஊருக்கு மாற்றலாகிறவர்களிடம் எல்லாம் "எங்கயாவது பாத்தா ஒரு வரி போடுங்க" என்று சொல்லி அனுப்புகிறார். சாயங்காலம் எங்கள் வீட்டில்தான் உன் மாமாவோடு டீ குடிக்கிறார். பாவம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன்.

வெங்காய வாசனைக்கு எலுமிச்சம்பழம் தேய்த்துத் துவை. வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன் அக்கா


ஜனவரி 21
(படக் கார்டு)

அக்கா, மாமா, பிள்ளைகள் அனைவருக்கும்,

நலம், நலமறிய ஆவல். பின்பக்கத்தில் சிரிப்பவர்தான் நான் சொன்ன அம்மா. கூட இருப்பது மகள். கோடை விடுமுறையில் நீங்களும் ஒரு முறை அவசியம் போய் வாருங்கள். ஊருக்குப் பெயர்ப்பலகை கிடையாது, அதனால் வழி எழுதுகிறேன். கடற்கரைச் சாலையில் கடைசி பெட்ரோல் பங்க் தாண்டி, உப்பு ஆலைக்கு எதிரே மண்பாதை பிரியும். அதிலேயே போனால் கலங்கரை விளக்கம். அதற்குப் பின்னால் ஒரே தெரு. கோடியில் ஐஸ் கொட்டகை, இந்த அம்மா காலையிலிருந்து மாலை வரை அங்கேதான் இருப்பார். மேப் மாதிரி சுற்றாமல் நேரே போய்விடலாம்.

தம்பி


பிப்ரவரி 2

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா?

கார்டு கிடைத்தது. தபால்காரர் கையாலேயே கொடுத்தார். வாசித்துக்கொண்டு வரவில்லை, சும்மாதான் நடந்து வந்தார். படம் அழகாக இருக்கிறது என்று சொன்னார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருக்கட்டுமா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் உன் மாமா படத்தைத் திரும்பிக் கூடப் பார்க்காமல், "அதுக்கென்ன, வச்சுப் பாத்துட்டுத் தாங்க, எங்கூட்டு மச்சான் எடுத்ததுதான்" என்று பெருமையோடு கொடுத்துவிட்டார். இன்னும் திரும்பி வரவில்லை. வராவிட்டாலும் பரவாயில்லை.

ஆனால் ஒன்று எழுத வேண்டும். நீ வழக்கம்போல் குழப்பிவிட்டாய். இது போன வருஷம் நீ மலைப்பக்கம் போனபோது எடுத்த படம்தானே? அப்போதே எனக்குக் காட்டியிருக்கிறாய். அந்த அம்மா கல் உடைக்கிற இடத்தில் வேலை செய்தார் என்றும், பிறகு குடும்பத்தோடு வேறு தேசத்துக்கே போய்விட்டார் என்றும் நீதானே சொன்னாய். கடலோரப் படத்துக்குப் பதிலாகத் தவறி இதை அச்சடித்துவிட்டாய். வழியும் தப்பாக எழுதியிருக்கிறாய். நன்றாக யோசித்துப் பார். யோசித்துவிட்டு, ஆமாம் அக்கா, தப்புத்தான் என்று ஒரு வரி எழுது. கார்டிலேயே எழுது, போதும்.

உன் கவர்கள் எல்லாம் ஒட்டுப் பிரிந்தே வருகின்றன. எப்போதுமே அப்படித்தான். இதையும் யோசி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 10

அன்புள்ள அக்கா,

எல்லாரும் நலமா? உனக்கு உடம்பு சரிதானே? உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. நீ எழுதியதா, சின்னவனைப் பிடித்து எழுத வைத்தாயா?

நான் எதையும் குழப்பவில்லை. மலைப்பக்கம் எடுத்த படங்களில் ஆளே கிடையாது, எல்லாம் மேகம். அவற்றை உனக்குக் காட்டியபோது "ஒரு மனுஷன் கூடக் கிடைக்கலியா" என்று நீதான் கேட்டாய். இந்தப் படம் போன மாதம் எடுத்தது, அந்தக் கடலோர ஊரில், ஐஸ் கொட்டகையில்தான். படத்திலேயே பார், பின்னால் பெட்டிகள் தெரியும். அந்த அம்மா எங்கும் போகவில்லை. அந்த ஊருக்கு வந்தே மூன்று வருஷம்தான் ஆகிறதாம், பேச்சிலும் அந்தப் பக்கத்து இழுப்பு இல்லை. மகள் இரண்டாம் வகுப்பு. கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் கட்டடம், ஊருக்கே அந்த ஒரு பள்ளிக்கூடம்தான். வழியும் சரி. டிரைவரிடம் படித்துக் காட்டி ஒரு தடவை சரிபார்த்துவிட்டேன்.

ஒரு வரிக்கு இவ்வளவு எழுதுகிறானே என்று நினைக்காதே. நாள் பூராவும் ஜனங்களின் கோணல் காலரை நேராக்குகிறவன் நான், தப்பாக ஒன்று இருந்தால் கை சும்மா இருக்காது.

கவருக்கு நல்ல பசைதான் போடுகிறேன். உங்கள் ஊர் ஈரக் காற்றில் பிரிந்துவிடுகிறதோ என்னவோ.

நீ சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. பெரிய அளவில் ஒரு பிரதி போட்டு, அடுத்த மாதம் அந்த அம்மாவிடம் நேரில் கொடுத்து மன்னிப்புக் கேட்கப் போகிறேன். நாளை முதல் ஒரு கல்யாண வேலையாக வெளியூரில் இருப்பேன். வந்ததும் எழுதுகிறேன்.

உன் அன்புத் தம்பி


பிப்ரவரி 19

தம்பி,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே படிக்காதே. உட்கார்ந்து படி. படித்ததும் எழுந்து ஓடு.

நேற்றிலிருந்து எங்கள் தெருவுக்கு வேறொருவர் தபால் கொண்டுவருகிறார். நம் தபால்காரர் ஒரு மாதம் லீவு. அதனால்தான் மனம் விட்டு எழுதுகிறேன். உனக்கு இப்படி எழுத முடிகிறது என்றால் அவர் எங்கே கிளம்பிவிட்டார் என்று யோசித்துப் பார்.

உன் கவர் எந்த ஈரக் காற்றிலும் பிரியவில்லை. இந்தத் தெருவுக்கு வருகிற கடிதம், போகிற கடிதம், எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் போகும். உனக்குப் புரியும்படி ஒன்றும் எழுத முடியாமல்தான் அந்த மலைக் கதையைக் கட்டினேன். அதை அவரும் பாதி நம்பினார். என்னிடமே வந்து, "தம்பி மலைக்கெல்லாம் போவாராம்மா" என்று கேட்டார். போவான் என்றேன். பிறகு நீ திருத்தி எழுதிய கடிதம் வந்தது. மறுநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்தப் படத்தில் இருப்பது அவர் மனைவி. கூட இருப்பது அவர் மகள்.

அந்த வீட்டிலிருந்து ஒரு நாளும் சத்தம் வந்தது கிடையாது. அவர் கத்த மாட்டார். கதவைச் சாத்திவிட்டு, வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைப்பார், அவ்வளவுதான். அவள் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சர்க்கரை கேட்டு என் அடுப்படிக்கு வருவாள். சர்க்கரை வேண்டியிருக்காது, சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவாள். அவளுக்கு இடது காது கேட்காது. பிறவியில் வந்ததில்லை. உன் கேமராச் சத்தம் அவளுக்குக் கேட்காமல் போனதற்கு ஐஸ் காரணம் இல்லை, தம்பி.

அவள் போன அன்று பையை என் அரிசி டப்பாவுக்குப் பின்னால்தான் வைத்திருந்தாள். அவர் சுற்றுக்குக் கிளம்பியதும் நான்தான் என் பிள்ளைகளோடு சேர்த்து அவர்களையும் கூட்டிக்கொண்டு, கடைக்குப் போகிற மாதிரி பஸ் நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. தெரிந்தால் என் முகமே சொல்லிவிடும். உன் மாமாவுக்கு இது தெரியாது. மூன்று வருஷமாக அவருக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டு, பாவம் பாவம் என்று சொல்லிக்கொண்டு இருக்கிறேன்.

கார்டைப் பார்த்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, நம்பு. அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அப்புறம்தான் கார்டை நீட்டிய கை யாருடையது என்று உறைத்தது.

இங்கே போன் இருப்பது அவருடைய தபால் ஆபீசில்தான், அவர் போன பிறகுதான் உன் ஸ்டூடியோவுக்குப் போன் செய்ய முடிந்தது. நீ கல்யாண வேலைக்குப் போயிருப்பதாக முதலாளி சொன்னார். வந்ததும் அந்தக் கடலோர ஊருக்குப் போகச் சொல்லுங்கள் என்றேன். "இப்பதானேம்மா ஊர் சுத்திட்டு வந்தான்" என்று சிரித்தார். அவசரம் என்றால் என்னவென்று கேட்கிறார், அவரிடம் எதைச் சொல்வேன்? நானே கிளம்பலாம் என்றால் மாமாவிடம் எதைச் சொல்லிக் கிளம்புவேன், பிள்ளைகளை யாரிடம் விடுவேன்? கையைப் பிசைந்துகொண்டு இருக்கிறேன்.

போ தம்பி. அவளிடம் சொல்.

அக்கா


மார்ச் 3

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கல்யாண வீட்டிலிருந்து வந்த அன்றுதான் உன் கடிதத்தைப் பார்த்தேன். அப்படியே டிரைவரிடம் ஓடினேன். ஏற்றிய மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டுக் கிளம்பினான். கண்ணாடியும் மேப்பும் வந்தார்கள்.

நாங்கள் போவதற்குச் சில மணி நேரம் முன்பே அவர் வந்து போய்விட்டார்.

ஐஸ் கொட்டகைக்கு அவர் போகவே இல்லையாம். நேரே மஞ்சள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். நான் எடுத்த கார்டை டீச்சரிடம் காட்டி, "இது என் சம்சாரம், இது என் பொண்ணு" என்று சொல்லி அழுதிருக்கிறார். டீச்சரும் அழுதாராம். பாப்பா முதலில் பின்வாங்கியது, பிறகு அப்பாதான் என்று தலையாட்டியது என்றார்கள். டீக்கடைக்காரர் அவரிடம் காசு கூட வாங்கவில்லை. ஊரே சேர்ந்து பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறது. கொட்டகைக்குச் செய்தி வந்து அவள் ஓடிவந்தபோது பஸ் உப்பு ஆலையைத் தாண்டிவிட்டது. டீச்சரிடம் அவர் சொல்லிவிட்டுப் போனது ஒன்றுதான். "பாப்பா வீட்டுல இருப்பா. அவங்க எப்ப வேணாலும் வரலாம், கதவு திறந்துதான் இருக்கும்."

அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். கையில் இன்னும் மீன் செதில். நான் யார் என்று சொன்னேன்.

"அவங்க தம்பியா? மூக்கைப் பாத்தப்பவே யாரோ தெரிஞ்சவங்க மாதிரி இருந்துச்சு" என்றாள். பிறகு, "என்னை எப்ப எடுத்தீங்க? கையைத்தானே எடுத்தீங்க?" என்று கேட்டாள். திட்டுகிற மாதிரி கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதற்குப் பதில் சொன்னேன் அக்கா, எப்படிச் சொன்னேன் என்று எழுத முடியவில்லை.

காவல் நிலையத்துக்குப் போனோம். "அப்பன் பிள்ளையைக் கூட்டிட்டுப் போனதுக்கு என்னய்யா கேஸ் எழுதறது? புருஷன் பேர்ல புகார் இருந்தா அந்த ஊர்ல போய்க் குடுக்கச் சொல்லு" என்றார் அங்கே இருந்தவர். நான் யார் என்று கேட்டார். போட்டோகிராபர் என்றேன். "அப்ப படத்தை மட்டும் எடு" என்றார்.

வெளியே வந்ததும் அவள் வண்டியைப் பார்த்தாள்.

"இதுல இன்னொருத்தர் உக்கார இடம் இருக்கா தம்பி?"

எங்கே என்று கேட்டேன். தெரிந்தும் கேட்டேன்.

"பிள்ளை அங்க இருக்கு. நான் இங்க உக்காந்து மீன் அடுக்கிட்டு இருக்கவா?"

வக்கீலைப் பார்க்கலாம் என்றான் கண்ணாடி. யாராவது பெண்கள் சங்கம் இருக்கும், விசாரிக்கலாம் என்றேன். பத்து நாள் பொறுங்கள் என்றான் டிரைவர், அவனுக்கே அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் அவள் வலது காதைத் திருப்பிப் பொறுமையாகக் கேட்டாள். "நீங்க கொண்டுபோய் விடலைன்னா நான் பஸ்ல போவேன். ராத்திரிக்குள்ள போகணும். அவளுக்கு அங்க தனியாத் தூங்கத் தெரியாது" என்றாள்.

கொண்டுபோய் விட்டோம் அக்கா. நாங்கள் நாலு பேரும்தான், அதே வண்டியில். அவள் பின்னால் கேமராப் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தாள். மேப் ஒரு தடவை கூட வழி தவறவில்லை. தவறியிருக்கலாம்.

உன் தெருமுனையில் நிறுத்தச் சொன்னாள். "உங்க அக்கா வீட்டுக்குப் போகாதீங்க. யார் கொண்டுவந்து விட்டதுன்னு தெரிஞ்சா அவங்க மேல திரும்பும்" என்றாள். நாங்கள் நேரே போய், உன் வாசலைத் தாண்டித்தான் வண்டியைத் திருப்ப வேண்டியிருந்தது. நீ கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாய். எவ்வளவு இளைத்திருக்கிறாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

என்ன செய்யலாம் சொல். நீ என்ன சொன்னாலும் செய்கிறேன். திருத்தாமல் செய்கிறேன்.

தம்பி


மார்ச் 12

என் தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ சாப்பிடுகிறாயா?

நீ குனிந்தாலும் வெங்காயம் குனியவில்லையே. வண்டியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கையில் இருந்த துணியைத் திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டே நின்றேன். பிறகு தெருமுனையிலிருந்து அவள் பையோடு நடந்து வந்தாள். என்னைத் தாண்டும்போது என் பக்கம் பார்க்கவே இல்லை. எனக்காகத்தான் பார்க்கவில்லை.

தெருவில் எல்லாருக்கும் சந்தோஷம். வீட்டுக்கு வீடு போய்ச் சொன்னார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் நன்றி சொன்னார். உன் மாமா போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தார்.

அன்று மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காதைப் பற்றி, வானொலியைப் பற்றி, பையைப் பற்றி. முழுவதும் கேட்டார். "அவரா? என் கூட இத்தனை வருஷமா டீ குடிக்கிற மனுஷன். அந்தப் பொண்ணு உங்கிட்ட எதையோ சொல்லியிருக்கு, நீயும் நம்பியிருக்கே" என்றார். அப்புறம், "நீ பஸ் நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனது அவர் காதுக்குப் போகவே கூடாது. அவர் முகத்துல நான் எப்படி முழிக்கிறது" என்றார். அவருக்கு அதுதான் கவலை. உன் மாமா கெட்டவர் இல்லை, தம்பி. அதனால்தான் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை.

காவல் நிலையத்துக்கும் போனேன். பக்கத்து வீட்டுக்காரி சொல்லி எழுத முடியாது, அந்தம்மாவே வரவேண்டும் என்றார்கள். அவள் வாசலுக்கே வருவதில்லை. சர்க்கரை கேட்டும் வருவதில்லை. அதே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவரே வந்து வாங்கிப் போகிறார். சுவரில் காதை வைத்துக் கேட்கிறேன். வானொலிதான் கேட்கிறது. பாப்பா பள்ளிக்கூடம் போகும்போது சின்னவன் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது, பேசுவதில்லை.

உன்னை ஒரு பாட்டம் திட்ட வேண்டும் என்று இருந்தேன். இப்போது தெம்பு இல்லை. நீ எடுத்தாய், மாமா கொடுத்தார், டீச்சர் அழுதார், ஊர் பஸ் ஏற்றியது. எல்லாரும் நல்லது நினைத்தேதான் செய்திருக்கிறோம்.

வக்கீலைப் பார்க்கிறேன் என்று நீ ஆரம்பிக்க வேண்டாம். பிள்ளை கையில் இருக்கும்வரை அவள் ஒன்றுக்கும் சம்மதிக்க மாட்டாள்.

நாளை மறுநாள் அவர் வேலையில் சேருகிறார். மனம் விட்டு எழுதும் கடைசிக் கடிதம் இதுதான். இனி நான் எழுதுவதை எல்லாம் அவர் படித்த பிறகுதான் நீ படிக்கிறாய் என்று வைத்துக்கொள். நீயும் அப்படியே எழுது. இந்த ஒரு தடவை என்னைத் திருத்தாதே.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, மாமா, பிள்ளைகள் அனைவரும் நலம்தானே? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படக் கூட்டம் அதிகம்.

கடலோரப் படம் ஒன்றைப் போட்டிக்கு அனுப்புவதாக இருந்தேன். அனுப்பவில்லை. நெகட்டிவில் பெரிய கீறல். எப்படி விழுந்தது என்று தெரியவில்லை. கண்ணாடி, மேப், டிரைவர் மூவரும் உன்னை விசாரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது எங்கும் போவதில்லை.

உங்கள் பக்கத்து வீட்டில் குடும்பம் ஒன்று சேர்ந்ததில் எனக்கு மிக்க மகிழ்ச்சி. அங்கே எல்லாரையும் நான் கேட்டதாகச் சொல்லவும்.

வேறு விசேஷம் இல்லை.

உன் தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். மாமாவுக்கு முதுகுவலி தேவலை. பெரியவள் தேர்வு எழுதுகிறாள். சின்னவனுக்குப் புதுச் செருப்பு, தூங்கும்போதும் கழற்றுவதில்லை.

உன் எழுத்து இப்போதெல்லாம் ரொம்ப அடக்கமாக இருக்கிறது என்று தபால்காரர் சொன்னார். முகவரி எழுத்தைத்தான் சொல்கிறார்.

குடும்பமாக ஒரு படம் எடுத்துக்கொள்ள அவருக்கு ஆசை. உன்னால்தான் எல்லாம் கூடிவந்தது, உன் கையாலேயே எடுக்க வேண்டும் என்கிறார். இப்போது உடனே வேண்டாமாம். பாப்பாவின் அம்மாவுக்குக் கையில் கட்டுப் போட்டிருக்கிறது. அதைப் பிரித்ததும் நாள் பார்த்துச் சொல்கிறாராம்.

இதை எழுதும்போது அவர் வாசலில்தான் நிற்கிறார். முடித்ததும் கையோடு வாங்கிப் போகிறாராம். அதனால் அதிகம் எழுதவில்லை. கவரை ஒட்டவும் இல்லை, தானே ஒட்டிக்கொள்வதாகச் சொன்னார்.

பக்கத்து வீட்டில் எல்லாரையும் கேட்டதாக எழுதியிருந்தாய். இப்போதுதான் அவரிடம் சொன்னேன். அங்கே அனைவரும் நலம் என்று எழுதச் சொன்னார்.

அக்கா